தம்பி பார்த்த ஆஸ்பத்திரி

மார்ச் 6
இடது மார்பில் இருக்கும் கட்டி அப்படியேதான் இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவு. வலி இல்லை. வலித்திருந்தால் எப்போதோ போயிருப்பேன். பள்ளிச் சீருடை ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டது போதும். இவரிடம் சொன்னேன். இவர் நேரே என் தம்பிக்குப் போன் போட்டார். எங்கள் வீட்டில் பெரிய விஷயம் என்றால் அவன்தான்.

மார்ச் 8
என் கடையில் துணி தைக்கக் கொடுக்கும் நர்ஸிடம் மெல்லக் கேட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். “டெய்லரக்கா, முதல்ல ஊசியில சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். அப்புறம்தான் கத்தி. யாரையும் அவசரப்பட்டு வெட்ட விடாதீங்க.” கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனாலும் எங்களிடமே வாருங்கள், நாங்கள் தினமும் பார்ப்பது இதைத்தான் என்றாள்.

மார்ச் 9
தம்பியிடம் சொன்னேன். “அங்க போய் தரையில படுக்கப்போறியா? நான் எதுக்கு இருக்கேன்? நீ வாயே திறக்காத, எல்லாம் நான் பாத்துக்கறேன்.”
அவன் படிப்பு நிற்கக் கூடாதென்று மெஷினை மிதித்த கால் இது. அதற்குப் பதில் செய்ய அவனுக்கு ஒரு நாள் வந்திருக்கிறது. எப்படி வேண்டாம் என்பது?

மார்ச் 12
ஆஸ்பத்திரியா, ஓட்டலா? வரவேற்பில் ஆளுயர மீன்தொட்டி. டாக்டர், தம்பியின் சினேகிதனுக்குக் குடல்வால் எடுத்தவராம். நல்ல கைராசியாம். தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் கொழுப்புக்கட்டி, நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார். ஊசி டெஸ்ட் வேண்டாமா என்று கேட்டேன். அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா நிறைய படிக்கிறாங்க போல.”
தம்பி சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 13
எடுத்தாயிற்று.

மார்ச் 24
கொழுப்பு இல்லை. புற்று. எடுத்த சதையின் ஓரம்வரை இருக்கிறதாம். அப்படியென்றால் மிச்சம் உள்ளேயே இருக்கிறது. தையல் போட்ட இடத்தில் சீழ் வேறு. அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அங்கேதான் இதற்கு ஆள் இருக்கிறார்கள் என்றார் டாக்டர்.
அங்கதானே போறேன்னு சொன்னேன்? அளவெடுக்காம நான் ஒரு முழம் துணிய வெட்டிருக்கேனா? என் உடம்பு அதைவிட மட்டமா போச்சா?
யாரிடம் கத்த. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 27
அரசு ஆஸ்பத்திரி. பெஞ்சில் இடமில்லை, சுவரில் சாய்ந்து நின்றேன். பெண் டாக்டர். எல்லாவற்றையும் படித்துவிட்டு, “முதல்லயே இங்க வந்திருந்தா—” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த மீதியைச் சுமந்துகொண்டு படி இறங்கினேன். தம்பி காரைவிட்டு இறங்கவே இல்லை.

ஏப்ரல் 2
ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பிலும் இருக்கிறது.
கத்தி வைத்ததால் பரவியதா என்று கேட்டேன். இல்லை, முன்பே போயிருக்கும் என்றார் அந்தப் பெண் டாக்டர். முறையாகப் பார்த்திருந்தால் அந்த ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது. இனி முழுதாகக் குணமாக்க முடியாது, மருந்தால் பிடித்து வைக்கலாம். அதற்கும் காயம் ஆற வேண்டும். எவ்வளவு காலம்? “தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்.”
என்னைப் பார்த்துச் சொன்னார். இவரையோ தம்பியையோ அல்ல.

ஏப்ரல் 5
தம்பி வந்தான். வேறு ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி, விமானத்தில் போய்விடலாம் என்று போனில் படம் காட்டினான். நல்ல கட்டடம்தான்.
“வேணாம்டா.”
“அக்கா, நான் பேசிட்டேன், அவங்க—”
“கட்டி என் உடம்புல. இந்தத் தடவ நான் சொல்றேன்.”
சின்ன வயதில் அழுவதுபோலவே அழுதான், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. கத்தி வைக்கும் முன்பே எலும்புக்குப் போய்விட்டதாம், உன்னால் இல்லை என்றேன். நம்பவில்லை. நான் நம்புகிறேனா? பாதி நாள்.

ஏப்ரல் 17
காயம் இன்னும் ஆறவில்லை. முதுகு வலி.

ஏப்ரல் 29
ஒருவழியாக இன்று முதல் மருந்து. இவர் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். எங்களுக்கு முன்பே தம்பி வந்து, அவ்வளவு கூட்டத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு திணறிக்கொண்டு நின்றான்.
“எந்த வரிசைல நிக்கணும்க்கா?”
காட்டினேன். போய் நின்றான்.