லயமே சேர்ந்து எழுதிய பரீட்சை

மேல்கணக்கு லயம்,
கொஸ்லந்த.

அன்பு மருமகள் தனுஜாவுக்கு,

மாமா அழகர் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே உன் அம்மா, அத்தை, நான் மூவரும் சுகம். மழைக்கு மட்டும்தான் சுகமில்லை, ராப்பகலாக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது. கட்டார் வெயில் உன்னை வடகமாகக் காயப்போட்டுவிடாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லவந்த சேதி போனுக்குள் அடங்காது, போன் வெடித்துவிடும். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும், நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயலெட்சுமியின் மகன் கையில் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

உன் அம்மாவின் மறதி உனக்குத் தெரிந்ததுதான். ரெங்கம்மா அக்கா தொலைத்த சாவிகளை உருக்கினால் பதுளைக்கு இன்னொரு தண்டவாளமே போடலாம். தேத்தண்ணிக்கு உப்புப் போட்டாள், நாங்களும் வாயைத் திறக்காமல் குடித்துப் பழகி, இப்போது சீனி போட்டால்தான் குமட்டுகிறது. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் விடிந்ததும் கொழுந்துக் கூடையைத் தேடுகிறாள், பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதற்குள் போகாவிட்டால் கங்காணி திட்டுவானாம். அந்தக் கங்காணி செத்து அவன் பேரனுக்கே தலை நரைத்துவிட்டது. வயசானால் இப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். உன் அத்தைதான் பாவம், அக்கா எழுந்து போய்விடுவாளோ என்று கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்துக் கோழித்தூக்கம் தூங்கினாள்.

இந்த நேரத்தில்தான் பதுளையிலிருந்து மர்லியா மிஸ் என்று ஒரு பிள்ளை, வேனில் ஆட்களோடு வந்து இறங்கினாள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சியாம், வயசானவர்களிடம் கேள்வி கேட்டு மார்க் போடுவார்களாம். யாரோ ஒரு புண்ணியவான், பெயிலானவர்களை அதே வேனில் ஏற்றிப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கிளப்பிவிட்டான். விடுவோமா நாங்கள்? காகிதத்தோடு வந்த அதிகாரிக்குத் தப்பாகப் பதில் சொன்னால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயந்து பயந்து வளர்ந்த சனம் அல்லவா! இந்த லயத்தில் ஒருத்தரும் பெயிலாகக்கூடாது என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் மகாநாடு கூடித் தீர்மானம் நிறைவேற்றினோம். படைத்தளபதி யார் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டுமா?

என்ன மாசம் என்று மிஸ் உன் அம்மாவைக் கேட்டதும், ஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி ஆடி மாசக் காத்து ஆளைத் தூக்குதே என்று ராகம் போட்டாள். மூன்று பொருள்களின் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னபோது மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கூடை சுமந்தேன், மாங்காய் கடித்தேன், குடை பிடித்தேன். தெரிந்த மிருகங்களையெல்லாம் சொல்லுங்கள் என்றதுதான் தாமதம், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் ஆடாகக் கத்தினேன், மாடாகக் கத்தினேன், யானையாகப் பிளிறியதில் மொனராகலைக் காட்டு யானைகளெல்லாம் யாரடா கூப்பிட்டது என்று கிளம்பிவிட்டன. உன் அம்மா மட்டும், டேய் அழகரு, ஒனக்கென்னடா வலிக்குது என்று கேட்டாள். கடைசியாக உன் அத்தையைக் கேட்டார்கள், அவளோ எங்க மதினிக்கு ஒரு கொறையும் இல்லீங்க மிஸ், தங்கம் என்றாள். லயமே முதல் வகுப்பில் பாஸ். அன்றைக்கு நாங்கள் நடந்த நடையைத் தொரை பார்த்திருந்தால் பங்களாவை எங்களுக்கு எழுதிவைத்திருப்பான்.

அந்த நடை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பட்டப்பகலில் உன் அம்மாவைக் காணோம். தேயிலைக்குள்ளே, தண்ணி ஓடும் கானுக்குள்ளே, கோயிலிலே எங்கும் இல்லை. பயந்துவிடாதே, கிடைத்துவிட்டாள். பெரகலச் சந்தியில் ஒரு கடைக்காரர் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்திருந்தார். ஒரு காலில் செருப்பில்லை, கொழுந்து நிறுக்க வந்தேன், தராசைக் காணோம் என்று அவரையே அதட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் பகிடி ஒன்றும் பேசவில்லை. அதே வாரம் டிஸ்பென்சரியில் சொன்னார்கள், மாசாமாசம் மறதி கிளினிக் நடத்த ஒரு தோட்டம் தேடினார்களாம், மேல்கணக்கில் ஒரு நோயாளிகூட இல்லாததால் அது வேறு தோட்டத்துக்குப் போகிறதாம். தங்கம், தங்கம் என்று சொல்லி டாக்டரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறோம் தாயே.

மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறினேன். மிஸ், நாங்க மொத்த லயமும் காப்பியடிச்சிட்டோம் என்று அவள் மேசைக்கு முன்னால் நின்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மின்விசிறி நின்றுவிட்டது. ஐயா, வயசானவங்க எல்லாரும் நூத்துக்கு நூறு வாங்கின லயத்த நான் எங்கயுமே பாத்ததில்ல, யானைச் சத்தமும் கேட்டுச்சு, திரும்பி வரத்தான் இருந்தேன் என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, நீங்க இப்பிடி மறைக்கிறதாலதான் மலையில இந்த நோயே இல்லன்னு பேப்பர்ல நிக்குது, இல்லாத நோய்க்கு டாக்டர யார் அனுப்புவாங்க, இதுல யாரையும் கொண்டுபோறது இல்ல ஐயா, ஒதவி வீட்டுக்கே வரும் என்றாள்.

மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு குஞ்சைக்கூட உள்ளே விடாமல் பீலியடியில் நானே காவல். உன் அம்மா தன்னந்தனியாக உட்கார்ந்து, மானம் மரியாதையாகப் பெயிலானாள். உன் அத்தை முதல் தடவையாக வாய் திறந்து, தான் தூங்கியே பல மாசமாச்சு என்று மிஸ்ஸிடம் சொல்லி அழுதாள். லயத்தில் இன்னும் இரண்டு பேருக்கு நோய் இருப்பது தெரிந்து, கிளினிக் நம் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டது. பெயிலானதற்குக் கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்த குடும்பம் உலகத்திலேயே நம்முடையதுதான். ஜெயலெட்சுமிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், காலையில் அவள் வந்து உன் அம்மாவோடு இருக்கிறாள், உன் அத்தை அந்த நேரத்தில் விடும் குறட்டைக்கு மலை சரிந்துவிடும் என்று எச்சரிக்கை விடப்போகிறார்களாம். கூடையைத் தேடினால் இப்போது யாரும் மறிப்பதில்லை, கையில் கொடுத்துக் கறிவேப்பிலை ஆயவிடுகிறோம், பெரட்டு ஞாபகம் வருவதில்லை. நோய் போகாது, பயம் போகும் என்று மிஸ் ஒளிக்காமல் சொன்னாள். உனக்கும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நிற்காதே. கதிர்காமத்தான் உன்னை நூறு வருஷம் காப்பாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன் எடுத்ததும், அம்மா, நான் யாருன்னு சொல்லு பாப்போம் என்று கேட்கிறாயே, அதை விட்டுவிடு. போன ஞாயிறு நீ கேட்டபோது அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டு, சேலைத் தலைப்பை வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் எடுத்த எடுப்பிலேயே, அம்மா, நான் தனுஜா, ஒன் மக, கட்டார்லேருந்து பேசுறேன் என்று விடையை நீயே சொல்லிவிடு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று மர்லியா மிஸ்ஸே உத்தரவு கொடுத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மேல்கணக்கின் முடிசூடா மன்னனும்
உன் தாய்மாமனுமாகிய
அழகர்