பிளாஸ்கில் வந்த நிறம்

அங்கிள்,

இன்று மத்தியானம் எங்கள் கடையின் ஓய்வறையில் கூட வேலை செய்யும் பெண் பிளாஸ்கைத் திறந்தாள். இஞ்சித் தேநீர் வாசம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? ஒருமுறை ஒருவருடைய மனைவியின் நிறத்தை நான் குடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நேரே மனேச்சரிடம் போயிருப்பாள். அதுதான் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. ஆனாலும் இதற்குச் சேர்ந்து சிரிக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

ஸ்காபரோ மோலில் பதினைந்து வருடமாக மேக்கப் கவுண்டரில் நின்று ஃபவுண்டேஷன் விற்கிறேன். எங்கள் சனம் என் முன்னால் வந்து நின்றால் முதல் வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும்: "கொஞ்சம் வெள்ளையாத் தாங்கோ." முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகக் கல்யாண வீடியோவில் நிற்கப் போகிறீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்துவிட்டது. ஆண்கள் வந்தால் இன்னும் மோசம். வெறும் போத்தலை நீட்டி இதே போல் ஒன்று என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்கிவிட்டு மறுநாள் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதனால் அந்த வியாழக்கிழமை பெரிய குளிர் ஜக்கெட்டும் கையில் ஒரு பிளாஸ்குமாக நீங்கள் வந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"மனிசிக்கு முகத்துக்குப் பூசிற பவுண்டேசன் ஒண்டு வேணும், பிள்ளை."

"ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அங்கிள். முகத்தைப் பாக்காமல் தரேலாது."

"அவ வரமாட்டா."

"அப்ப ஒரு படமாவது காட்டுங்கோ."

"ரெண்டு வருசமாப் படம் எடுக்க விடுறா இல்லை."

இதைச் சொல்லிக்கொண்டே பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி என் முன்னால் வைத்தீர்கள். நான் காலையிலிருந்து நின்ற களையில் இருந்தேன். எங்கள் ஆட்களின் உபசரிப்பு இப்படித்தானே என்று எரிச்சல் கூட அடங்கிவிட்டது. நன்றி சொல்லி மடமடவென்று குடித்து முடித்தேன். நீங்கள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"பிள்ளை, நீர் குடிச்சது என்ரை மனிசியின்ரை கலர்."

நல்லகாலம், பிளாஸ்கில் இன்னும் பாதி இருந்தது. நாற்பது வருடம் பார்த்த முகம், அதன் நிறம் எனக்குத் தெரியாதா என்று காலையில் அடுப்படியில் நின்று தேத்தண்ணிக்குப் பால் அளந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்திருந்தீர்கள். "பழக்கத்திலை இஞ்சியும் போட்டிட்டன். கலருக்கு ஒண்டும் செய்யாதே?" என்று நீங்கள் கேட்டதும் எனக்குப் புரைக்கேறிவிட்டது.

பிறகுதான் மெல்லச் சொன்னீர்கள். நோய்க்குக் குடித்த மருந்துகளால் அன்ரிக்கு, உங்கள் மனைவிக்கு, கன்னங்களில் கறுப்புத் திட்டுகள் விழுந்திருந்தன. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டை விட்டு அவர் வெளியே போவது டொக்டரிடம் மட்டும், அதுவும் மூக்கு வரைக்கும் சால்வையால் மூடிக்கொண்டு. மூன்று கிழமையில் மார்க்கம் நகரத்து மண்டபத்தில் மகளின் கல்யாணம். மேடைக்கு வரமாட்டேன், கடைசி வரிசையில் இருந்து பார்க்கிறேன் என்று பிடிவாதமாக நின்றார்.

"தாய் பக்கத்திலை இல்லாமல் நான் எப்பிடிப் பிள்ளை தாரை வாக்கிறது?" என்றீர்கள். அதன் பிறகு எனக்கு எரிச்சல் எங்கே வர?

கடை வெளிச்சம் மஞ்சள், அதை நம்பக்கூடாது. மோல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே பனி வெளிச்சம் நல்ல சுத்தமாக இருந்தது. உங்கள் மணிக்கட்டில் மூன்று நிற ஷேட் இழுத்துத் தேநீர் மூடியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வந்த ஒரு வெள்ளைக்காரி நாங்கள் ஏதோ சடங்கு செய்கிறோம் என்று சுற்றிக்கொண்டு போனாள். மூன்று சின்னக் குப்பிகளில் சாம்பிள் எடுத்து, இலக்கம் எழுதி, தாடையில் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு யன்னலடியில் பார்க்கச் சொல்லித் தந்துவிட்டேன்.

அடுத்த வியாழன் ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அறிக்கை எழுதிக்கொண்டு வந்தீர்கள். முதலாவது: பிட்டுமா பூசினது போல. இரண்டாவது: காலமை நல்லம், மத்தியானம் சாம்பல். மூன்றாவது: மனிசி கதைக்கவில்லை, கழுவிவிட்டா.

மூன்றும் வெளிறல். எனக்குத் தேநீரில்தான் சந்தேகம். "பால் கூட விட்டிட்டியளோ, அங்கிள்?" என்று கேட்டேன்.

"எனக்கு அவ உந்த நிறம்தான்," என்றீர்கள். அன்று சாம்பிள் ஒன்றும் தராமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

ஆனால் இரண்டு நாளில் திரும்பவும் வந்தீர்கள், முகம் முழுக்கச் சிரிப்போடு. பிளாஸ்கைத் திறந்து ஊற்றினால் நல்ல கடும் தேநீர், பால் கொஞ்சமே கொஞ்சம். "இது நான் போட்டதில்லை. அவ போட்டது." நீங்கள் பால் அளப்பதை அன்ரி கண்டுவிட்டார். விசயம் தெரிந்ததும் முதலில் நல்ல பேச்சு. பிறகு உங்கள் தேநீரைக் கொட்டிவிட்டு, "உங்கடை கண்ணாலை பாத்துப் பால் விடாதேங்கோ" என்று கோப்பையைப் பறித்துக்கொண்டு குளியலறைக்குள் போயிருக்கிறார். கன்னத்தோடு கோப்பையைப் பிடித்து, கண்ணாடியில் பார்த்து, தேயிலைச் சாயம் கூட்டி, திரும்பப் பார்த்து. "ரெண்டு வருசத்துக்குப் பிறகு கண்ணாடி பாத்தவ, பிள்ளை" என்று சொல்லி மூடியை என்னிடம் நீட்டினீர்கள்.

அந்தக் கோப்பை பொய் சொல்லவில்லை. நாலாவது சாம்பிள் அச்சொட்டாகப் பொருந்திவிட்டது. கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி அன்ரியே வந்து என் முன்னால் கதிரையில் இருந்தார். திட்டுகளுக்கு முதலில் செம்மஞ்சள் பூச்சு, அதற்கு மேலே ஃபவுண்டேஷன். அவருக்குக் கை நடுக்கம், அதனால் பூச வேண்டிய ஆள் நீங்கள். முப்பது வருடம் பாக்டரியில் வெல்டிங் செய்த கையில் ஸ்பொஞ்சைத் தந்து, தேய்க்காதேங்கோ, ஒற்றுங்கோ என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு, "சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறியளோ?" என்றார். பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் கூடச் சிரித்தார்கள்.

கல்யாணம் முடிந்து படங்களோடு வந்தீர்கள். மேடையில் உங்கள் பக்கத்தில் அன்ரி, முகத்தில் ஒரு மறைப்பும் இல்லாமல். ஒவ்வொரு படத்திலும் அவர் முகத்தையே விரலால் பெரிதாக்கிக் காட்டினீர்கள். மணமகளைக் காட்டச் சொல்லி நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அன்ரி வெளிக்கிடும் நாளெல்லாம் பூசிவிடுவது நீங்கள்தான் என்றீர்கள்.

உங்கள் படம் போட்ட மரண அறிவித்தலைத் தமிழ்க் கடைக் கதவில் பார்த்த அன்று, அழுததை விட அதிகமாகப் பயந்தேன். இனி அன்ரி கதவைச் சாத்திக்கொள்வார், பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை அவர் வந்தார். தனியாக, பஸ்ஸில். சால்வை தோளில் கிடந்தது.

"போத்தல் முடிஞ்சுது, பிள்ளை. மனிசன் செத்து ஆறு மாசத்திலை பூச்சுப் பூசுறா எண்டு சனம் கதைக்குது. கதைக்கட்டும். என்னை வெளியிலை கொண்டுவர அந்த மனிசன் பட்ட பாடு சனத்துக்குத் தெரியுமே?"

நடுங்கும் கையால் தானே பூசியிருந்தார், நன்றாகவே பூசியிருந்தார். இடது காதுக்குக் கீழே மட்டும் ஒரு விரலகலம் வெறுமையாக இருந்தது. என் கை தன்பாட்டில் ஸ்பொஞ்சை எடுத்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விடும். அவர் எப்பவும் உந்த இடத்தைப் பூசாமல் விட்டிடுவார். நானும் அப்பிடியே விடுறன்."

ஸ்பொஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பதினைந்து வருடத்தில் சரிசெய்யாமல் நான் அனுப்பிவைத்த ஒரே முகம் அதுதான், அங்கிள்.