மஞ்சள் மாத்திரையும் ராஜம்மாளின் முழுக்கை ரவிக்கையும்

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். காற்றே இல்லை. எதிர்த் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, வாசல் கூட்டி முடியவில்லை. முட்டி வலி.

மத்தியானம் பேத்தி ஷாலினி வந்தாள். ஏழாம் மாதம், வயிறு நன்றாக இறங்கித் தெரிகிறது. காரை ஓட்டி வந்தது அவள் அப்பாவைப் பெற்றவள், ராஜம்மாள். என் சம்பந்தி. (இனி ரா. என்றுதான் எழுதப் போகிறேன். முழுப் பேருக்கு மை தண்டம்.)

ரா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முகம் மினுங்குகிறது. கருநீலச் சேலை, மணிக்கட்டு வரை லேஸ் வைத்த முழுக்கை ரவிக்கை. இந்த வெயிலில். பக்கத்து வீட்டுக் கமலா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உங்கள் தங்கச்சியா என்று என்னிடம் கேட்டாள். ரா. சிரித்தாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

பேச்சு பிரசவத்துக்கு வந்தது. என் மகள் மாலாவுக்கு பேக்டரியில் ஷிப்ட், லீவு கிடைக்காது. ஷாலினியின் மாமியார் பாலிங் ஊரில் படுத்த படுக்கை. ஆக, பத்திய மாதம் முழுக்க ஷாலினி வீட்டில் தங்கிப் பிள்ளையையும் தாயையும் பார்க்க ஆள் என்றால் நான், இல்லாவிட்டால் ரா. இவளை ஆறு வயது வரை இந்த வீட்டில் வைத்து வளர்த்தது யார்? கேள்வியே வந்திருக்கக் கூடாது.

“ஆயா, அங்க ரூம் எல்லாம் மேலதான். உன் முட்டிக்கு மாடி ஏற முடியுமா லா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரா. சொல்கிறாள், “நான் தினமும் வாக்கிங் போறேன்மா. எனக்கு மாடி எல்லாம் ஒண்ணுமே இல்ல.”

ஷாலினி இன்னும் முடிவு சொல்லவில்லை. யாருக்குத் தெம்பு இருக்கிறதோ பார்க்கலாம் என்றாள்.

பிறகு ரா. பையிலிருந்து டப்பா எடுத்தாள். மஞ்சள் மாத்திரை. ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒரு சொல். வயதானால் உடம்பு உள்ளே துருப்பிடிக்குமாம், இது அந்தத் துருவைத் தடுக்குமாம், முட்டி வீக்கம் குறையுமாம், தோல் பளபளக்குமாம். எல்லாம் இயற்கை, ஒரு பக்கவிளைவும் கிடையாது என்றாள். எனக்கு நன்றாக வந்தது வாயில். அம்மியில் மஞ்சள் அரைத்தே கை தேய்ந்தவள் நான், எனக்கு மஞ்சளை டப்பாவில் அடைத்து விற்கிறாள்.

“நான் என்ன தகரமா சம்பந்தி, துருப்பிடிக்க?” என்றேன்.

இவர் மட்டும் சிரித்தார். ரா. டப்பாவை டிவிப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

11, புதன்

கமலாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று டப்பாவை எடுத்தேன். கொடுக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் தூளேதான், மிளகு வாசம். நாக்கில் வைத்தால் கசப்பு. சமையலில் போடாத சாமானா? ஒன்று விழுங்கினேன்.

“என்ன தேடுற அங்க?” – இவர்.

சீனி என்றேன். சீனி அவர் கையில் இருந்தது.

12, வியாழன்

கிளினிக். பஸ் தாமதம். என் நெஞ்சு தாளம் தப்பி அடிப்பதால் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போடுகிறேன், அதற்கு மாதா மாதம் விரலில் குத்திப் பார்ப்பார்கள். அளவு சரியாக இருக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி நல்ல பெண், மலாய்க்காரி, என்னை மக்சிக், அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். வேறு மருந்து, ஜாமு மாதிரி நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று வழக்கம்போலக் கேட்டாள். “தா அடா”, ஒன்றும் இல்லை என்றேன். மஞ்சள் ஒரு மருந்தா? மருந்து என்றால் கோழிக் குழம்பும் மருந்துதான்.

வாங்க வேண்டியது: தேங்காய், வெந்தயம், இவருக்கு சவரக் கத்தி.

15, ஞாயிறு

வயிற்றில் எரிச்சல். காலையில் இரண்டு தரம் வெளியே போயிற்று. நேற்றைய மிளகாய்ச் சம்பால் காரம் என்று இவர். இருக்கலாம்.

ஷாலினி போனில் படம் அனுப்பினாள். குழந்தை குளிக்கத் தொட்டி, நீல நிறம், வாத்து போட்டது. கீழே எழுதியிருக்கிறாள்: டவுன் பாட்டி வாங்கித் தந்தாங்க. ரா.வைத்தான் அப்படிச் சொல்வாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். தொட்டியில் போடுவது துணியை.

அந்தத் தொட்டியையே நினைத்துக்கொண்டிருந்ததில் சோறு அடிப்பிடித்தது.

19, வியாழன்

உள்ளதைச் சொல்ல வேண்டும். முட்டி வலி குறைந்திருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது கையை ஊன்றவில்லை. பாசார் சந்தை வரை நடந்தேன், இவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்தார், மாடு ஓட்டுகிற மாதிரி. கோயில் படியும் ஏறினேன், நிற்காமல். ரா. சொன்னது பொய் இல்லை. அது இன்னும் வயிற்றெரிச்சல்.

ரா. போன். “போட்டீங்களா சம்பந்தி?” என்றாள்.

தொடவே இல்லை என்றேன். முட்டி எப்படி என்றாள். தானாகவே சரியாகிவிட்டது என்றேன்.

தினம் ஒன்றுக்கே இவ்வளவு என்றால் கூடப் போட்டால் மாடி என்ன, மலையே ஏறலாம். இன்றிலிருந்து காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு.

22, ஞாயிறு

பல் விளக்கும்போது எச்சிலில் ரத்தம். பிரஷ் முரடு. புதியது வாங்க வேண்டும்.

தொடையில் கறுப்பாக ஒரு திட்டு, உள்ளங்கை அளவு. எங்கே இடித்தேன் என்று ஞாபகம் இல்லை. மேசை மூலையாக இருக்கும்.

கண்ணாடியில் முகம் பார்த்தேன். மினுக்கம் ஒன்றும் வரவில்லை. ரா.வுக்கு மட்டும் எப்படி? கமலாவிடம் ஜாடையாகக் கேட்டேன், என் முகத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று. கொஞ்சம் வெளிறித் தெரிகிறது அக்கா, தூங்கவில்லையா என்றாள். இனிமேல் அவளுக்கு முருங்கைக்காய் கிடையாது.

மாலா சொன்னாள், வளைகாப்புக்கு வளையல், பலகாரம் எல்லாம் ரா. பொறுப்பாம். கலவைச் சோறு மட்டும் நான். என் மகள் வீட்டு விசேஷத்தில் எனக்கு அடுப்படி, அவளுக்குக் கூடம்.

26, வியாழன்

நாளை வளைகாப்பு. புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் காய்ச்சியாயிற்று. எலுமிச்சை நறுக்கும்போது விரலில் சின்னக் கீறல். ரத்தம் நிற்கவே இல்லை. துணி சுற்றி, அது நனைந்து, வேறு துணி சுற்றி. காப்பித்தூள் வைத்து அழுத்திய பிறகுதான் அடங்கியது.

“டாக்டர்கிட்ட போவோமா?” என்றார் இவர்.

நாளைக்கு விசேஷத்தை வைத்துக்கொண்டா? அதுவும் ரா. காதில் விழுந்தால் போதும், ஆளுக்கு முடியவில்லை என்று அவளே முடிவு கட்டிவிடுவாள்.

கையிலும் இரண்டு திட்டு. அரைக்கை ரவிக்கையில் தெரியும். பெரியதாக ஒரு சேலை எடுத்துத் தோளோடு போர்த்திக்கொள்ள வேண்டும்.

27, வெள்ளி. இரவு வந்து எழுதுகிறேன்

வலது கையில் கட்டு. எழுத்து கோணல்.

மாலா வீட்டுக் கூடம் நிறைய ஆள். ஷாலினி பச்சைப் பட்டில், கன்னத்தில் சந்தனம், நலங்கு மஞ்சள். என் கண்ணே பட்டிருக்கும். ரா. இன்றும் முழுக்கை, தங்க நிறத்தில். எல்லோரும் அந்த ரவிக்கையைத்தான் விசாரித்தார்கள், எந்தக் கடை, என்ன தையல் கூலி. என் புளிச்சோற்றை ஒருத்தி கேட்கவில்லை.

பேத்திக்கு வளையல் போட்டு முடிந்து, வந்த பெண்களுக்குப் போடும் நேரம். ஷாலினி என்னைக் கூப்பிட்டாள். ஆயாவுக்கு நான்தான் போடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ரா. பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

வளையல் சின்ன அளவு. ஏறவில்லை. வேறு எடுக்கவா என்றாள். வேண்டாம், இதுவே போடு என்றேன், பெரிய அளவு தேடப் போனால் அடுத்த கை ரா. கையாகிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி, விரல் கட்டையை அமுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். வலித்தது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் உட்கார்ந்தபோது புறங்கை உப்பியிருந்தது. சோறு பிசைவதற்குள் கத்தரிக்காய் நிறம். முந்தானையால் மூடினேன். ரா. எதிர் வரிசையில் இருந்தாள், எப்படிக் கண்டாளோ, எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள். குழாயைத் திறந்து கையை நீட்டச் சொன்னாள். வளையலை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தாள், ஒரு கீறல் படாமல்.

“உண்மைய சொல்லுங்க சம்பந்தி. அந்த மாத்திரைய போடுறீங்களா?”

நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் தன் கையில் லேஸ் பொத்தானைக் கழற்றி முழங்கை வரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே கறுப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக.

“எனக்கும்தான். வயசுக்கு வர்றதுன்னு நினைச்சேன். இதை மறைக்கத்தான் இந்த ரவிக்கை. வெந்து சாகுறேன் உள்ள.”

இத்தனை நாள் நான் பொறாமைப்பட்ட ரவிக்கை.

ரா.தான் ஓட்டினாள் ஆஸ்பத்திரிக்கு. இவரும் ஷாலினியும் பின்னால். சிக்னலில் நின்றபோது கேட்டுவிட்டேன், அப்புறம் முகம் மட்டும் எப்படி மினுங்குகிறது என்று.

“அது பவுண்டேஷன் சம்பந்தி. டப்பா தரவா?”

வேண்டாம் என்றேன். (என்ன நிறம் என்று கேட்டிருக்கலாம்.)

டாக்டர் சின்னப் பெண். ரத்தம் இளகியிருக்கும் அளவு தாறுமாறாக ஏறியிருக்கிறதாம், தலையில் இடித்திருந்தால் ஆள் போயிருக்கும் என்றாள். குழம்பில் போடுகிற மஞ்சள் வேறு, அதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையில் அதன் சத்தைப் பிழிந்து பல மடங்காக அடைத்திருக்கிறார்கள், மிளகுச் சத்து அதை உடம்பில் இன்னும் ஏற்றிவிடும். சிலருக்கு மூட்டு வலிக்குக் கேட்கும், உண்மைதான். ஆனால் ரத்தம் இளக மாத்திரை போடுகிறவர்கள் தொடக் கூடாது, வயிற்றையும் கெடுக்கும். ரா.வும் இதயக் குழாய்க்குள் கம்பி வைத்ததிலிருந்து ஏதோ சின்ன மாத்திரை போடுகிறாளாம். அதுவும் அதே ஜாதி. இரண்டு பேருக்கும் மஞ்சள் மாத்திரை நிறுத்தம். என் பழைய மாத்திரையும் டாக்டர் சொல்கிறவரை நிறுத்தம்.

ஷாலினி ரா.வின் பையிலிருந்த டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். ரத்த மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்கவும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில். எனக்கு ஐந்தாம் வகுப்பு, தெரியாது. ரா. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கண்ணாடி போட்டுப் படிக்கச் சோம்பலாம்.

ஷாலினி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ரெண்டு பேரும் இப்படி மறைச்சா, நான் யாரை நம்பி என் புள்ளைய கையில குடுப்பேன் ஆயா?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ரா.வும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்ச் 2, திங்கள்

கிளினிக். மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், என் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு மெதுவாகக் குத்தினாள். அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் இறங்க வேண்டும். மக்சிக், இனிமேல் தேநீரில் இஞ்சி போட்டால்கூட என்னிடம் சொல்லுங்கள் என்றாள்.

முட்டி வலி திரும்பிவிட்டது. வாசல் கூட்டவில்லை. இவர் கூட்டினார், பாதி இலை அப்படியே.

மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டேன். கமலா பார்த்து, தனக்குத் தரக் கூடாதா என்றாள். இரத்த மாத்திரை ஏதாவது போடுகிறாயா என்று முதலில் கேட்டேன். நெடுநேரம் விளக்கினேன். முருங்கைக்காயும் கொடுத்தேன்.

3, செவ்வாய்

சின்ன மழை. மண் வாசனை.

ஷாலினி பேசினாள். குரல் இறங்கியிருக்கிறது, கோபம் இல்லை. முடிவு சொல்லிவிட்டாள். கறுத்த கையோடு யாரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். யாருக்குக் கை சுத்தமாகி, டாக்டர் சரி என்று முதலில் சொல்கிறாரோ அவர்கள் வரட்டும். மற்றவர் அடுத்த வாரம் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

ஆக, பிள்ளையை முதலில் குளிப்பாட்டுவது ஒருத்திதான்.

மாடிப் படுக்கையை ஹாலுக்கு இறக்கிவிடலாமாம். அதைச் சொன்னது ரா.வாம், எனக்காக. எதற்குச் சொன்னாள்? யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல எண்ணமாகவும் இருக்கலாம்.

5, வியாழன்

வெயில். காலையில் ஜன்னல் பக்கம் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு போய்விட்டது. ஓரத்தில் பச்சை. அப்புறம் மஞ்சளாகும், மஞ்சளானால் இரண்டு நாளில் போய்விடும் என்று மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள்.

இவர் சொல்கிறார், நேற்றைக்கு இன்று தேவலை.

பத்தியத்துக்குக் காய மருந்து இடிக்கச் சாமான்: சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி. மஞ்சள் கொஞ்சம். (மிஸ்ஸியிடம் கேட்டாயிற்று.)

பத்து மணிக்கு ரா. படம் அனுப்பினாள். தன் கையை வெயிலில் நீட்டிப் பிடித்து எடுத்திருக்கிறாள். அரைக்கை ரவிக்கை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன்.

அவளுடையது மஞ்சளாகிவிட்டது.