பஞ்சில் பட்ட சிவப்பு

மார்ச் 12, வியாழன்

இன்று ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருடைய கால் புண்ணைத் துடைத்தபோது பஞ்சு சிவந்துவிட்டது. "ஐயோ சிஸ்டர், ரத்தம்!" என்று கத்தினேன். ரப்பர் பால் வெட்டுகிற என் மனுஷனோ சிரிக்கிறார். "காஞ்ச மரத்துல பால் கசிஞ்சா யாராச்சும் அழுவாங்களா புள்ள?"

சீனி வியாதிப் புண். மாதக்கணக்கில் வெளிறிக் கிடந்தது. காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பிறகு அவர் ரத்தத்திலிருந்தே பசை மாதிரி ஒன்றைப் பிரித்துப் புண்ணில் வைத்தார்கள். அதிலுள்ள அணுக்கள் சுரக்கும் சத்து புது ரத்தக் குழாய்களை வளர வைக்குமாம். டாக்டர் இன்று குனிந்து பார்த்து, சிங்களத்தில் "ஹரி", சரி என்று தலையாட்டி, "குழாய் வளருது" என்றார். முழுசும் ஆறுமா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது யட்டியாந்தோட்டை பஜாரில் செருப்புக் கடை முன்னால் நின்றுவிட்டார். "ஒரு சோடி எடுப்போமா?"

இரண்டு காலுக்கும்தான் கேட்டார். எனக்கு எங்கே தூக்கம் வரும்!