இரண்டு கடை, ஒரு படகு

மார்ச் 8, சனி

மாலையில் மகளோடு படகு ஓட்டினேன். கணினியில்தான். அவள் வேறு ஊரில், அம்மாவோடு. நான் இங்கே, லிப்ட் பழுதுபார்த்துக்கொண்டு. போனில் பேசினால் "ம்", "சரி", "சாப்பிட்டேன்", அவ்வளவுதான். விளையாட்டில் மைக்கில் பேசிக்கொண்டே ஓட்டலாம்; சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டால் மடை திறந்துவிடும். அறிவியல் டீச்சர் தும்மினால் முன்வரிசை நனையுமாம். நெருங்கிய தோழி இப்போது பேசுவதில்லையாம். "ஏன்டா?" என்றேன். "இருப்பா, பாறை வருது." பாறையைத் தாண்டியதும் தானாகவே சொல்லி, கொஞ்சம் அழுதாள். சுக்கானை விடவில்லை.

மார்ச் 12

படகு விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. நாங்கள் இத்தனை நாள் வாங்கிய கடையில் இல்லை. இணையத்தில் புதிதாக முளைத்த இன்னொரு கடையில் மட்டும்தானாம், ஓராண்டு ஒப்பந்தம். மகள் ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்டாள். "நீயும் வாப்பா. வாராவாரம் ஒரு கேம் சும்மாவே தர்றாங்க!"

சும்மா கொடுக்கிறவன் எதை எடுத்துக்கொள்வான்?

மார்ச் 13

என்னோடு வேலை பார்க்கும் 'ஸ்பானர்' இதில் ஊறியவன். லிப்ட் கூரைமேல் நின்றபடியே வாதம்.

"போட்டி வந்தாத்தான்டா நமக்கு நல்லது. ஒரே கடையா இருந்தப்போ, கேம் சரியில்ல, காசைக் குடுன்னா காது கேக்காத மாதிரி இருந்தான். இப்போ கேட்ட உடனே தர்றான்ல?"

"கடை ரெண்டு, சரி. சரக்கு ஒரு கடையில மட்டும்னா அது என்னடா போட்டி? கையைப் பிடிச்சு இழுக்கறது."

"உனக்குப் பொண்ணோட விளையாடணுமா, கடையோட சண்டை போடணுமா?"

குனிந்து போல்ட்டை முறுக்கினேன்.

மார்ச் 15, சனி

சேர்ந்துவிட்டேன். புது ஆள் என்று தள்ளுபடி வேறு. படகு அழகு, அலைகூட நிஜ அலை மாதிரி. ஆனால் இங்கே ஒருவரோடு ஒருவர் பேச வழியில்லை, டைப்தான் அடிக்க வேண்டும். ஓட்டிக்கொண்டே எப்படி அடிப்பாள்? 'இடது'. 'பாறை'. 'ஓகேப்பா'.

விலை குறைந்தது. பிள்ளையின் பேச்சும் குறைந்தது.

மார்ச் 16

மனசே ஆறல. எவனோட எவன் மல்லுக்கட்டினா எனக்கென்ன? நடுவுல எம்பொண்ணு பேச்சு ஏன் நசுங்கணும்?

மார்ச் 22, சனி

மகள் வழி கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மறுபடி மடை திறந்தது! தோழியோடு ராசியாம்.

பேச்சுக்கு நடுவே, தள்ளி ஒரு குரல். "அவர்கிட்ட சொல்லு, முன்னாடி மணல்திட்டு."

அவள் அம்மா. மகளின் பள்ளிக்கூட விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசாதவள். திரையை எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்? யோசித்ததில் திட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.

ஏப்ரல் 5

இன்று மகள் வழியாக இல்லை. அவள் அம்மா நேராகவே என்னிடம் கேட்டாள். "எதுக்கு இவ்வளவு வேகமா போறீங்க?"

"இனிமே மெதுவா போறேன்."

படகைத்தான் சொன்னேனா?

ஜூன் 14, சனி

புதுக் கடையும் பேசும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. இது இல்லாமல் பழைய கடையில் விளையாடுகிறவர்கள் வரமாட்டோம் என்கிறார்களாம். "பாத்தியா, போட்டி!" என்று ஸ்பானர் துள்ளுகிறான். பாதி ஒத்துக்கொண்டேன். விளையாடுகிறவன் பிடிவாதமும் பாதி என்றேன்.

மகளுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே அம்மா போன் வேணாம்ப்பா."

எனக்குச் சுரீரென்றது. நல்லது நடந்தால் இப்படியா இருக்கும்?

பின்னாலிருந்து அவள் அம்மா சொன்னாள். "போன் அங்கயே இருக்கட்டும். வேணும்போது நான் எடுத்துக்கறேன்."

ஜூன் 28, சனி

மகள் பள்ளிச் சுற்றுலா போய்விட்டாள். விளையாட்டு இல்லை என்று தெரியும். இருந்தும் கணினியைத் திறந்தேன், பழக்கதோஷம்.

மகளின் பெயர் திரையில் பச்சையாக எரிந்தது, உள்ளே ஆள் இருக்கிறது என்று. அவள் படகு பின்பக்கமாகக் கிளம்பி, துறைச்சுவரில் மோதி, இன்னொரு முறை மோதி, கோணல்மாணலாக என் படகை நோக்கி வந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"இதுல நிறுத்தறது எந்த பட்டன்?"

மகள் குரல் இல்லை.

சொன்னேன். அவள் உடனே அழுத்தவில்லை. துறையைத் தாண்டி, இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.