சாம்பல் நிற மெரினோ

யொக்மொக், வட ஸ்வீடன், அக்டோபர்

அன்புள்ள குனில்லாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? படியேறும்போது கைப்பிடியை விடாதே.

ஞாயிற்றுக்கிழமை மர ஆலைக்காரர்கள் என்னையும் மூஸ் மான் வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். நீ வாங்கித் தந்த தடித்த மெரினோ கம்பளிப் பனியனைத்தான் போட்டிருந்தேன். உடம்பில் அரிக்குமே என்று உள்ளே ஒரு பருத்திப் பனியன். மேடேறிய வியர்வையில் அது நனைந்துவிட்டது. மானுக்காக அசையாமல் உட்கார்ந்ததும் ஈரம் முதுகில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டது. மான் எனக்கு நேர் எதிரில்தான் வந்தது. குளிரில் பற்கள் கிடுகிடுத்ததில் குறி நிற்கவில்லை, நான் சுடவில்லை.

வேட்டைத் தலைவர் ஸ்தூரே வயர்லெஸ்ஸில் கத்தினார்: “யாருய்யா அது, பல்லால தந்தி அடிக்கிறது? மான் செய்தியக் கேட்டுட்டுக் கெளம்பிருச்சு!”

பிறகு அவரே வந்து தன் பையிலிருந்த காய்ந்த கம்பளிச் சட்டையை நீட்டினார். “பருத்தியா? தெக்கத்தி ஆளுன்னு நெத்தியிலயே எழுதியிருக்கு. நடக்கறப்ப மெல்லிசு, உக்காந்தப்புறம் தடிசு, ரெண்டும் கம்பளிய்யா! கழட்டு, உன்ன யாரு பாக்கப் போறா?”

கவலைப்படாதே, நாலு தும்மலோடு போயிற்று.

ஒரு வேலை. நீ இரவில் போட்டுக்கொண்டு தூங்குவாயே, என் சாம்பல் நிற மெல்லிய மெரினோ, அதை அனுப்பிவை. துவைக்க வேண்டாம். மெரினோவில் ஆள் வாடை தங்காது என்கிறார் ஸ்தூரே. தங்குமா தங்காதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது.

இங்வார்