காலி அலமாரி

என் அன்பு மனைவிக்கு,

முந்தாநாள் நீ மகள் வீட்டுக்கு முதலில் கிளம்பினாய். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு வெள்ளிக்கிழமை நான் வருவதாகத்தானே பேச்சு? இன்று காலை ஃபிரிட்ஜைத் துடைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தேன். உன் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை போடலாம் என்று அலமாரியைத் திறந்தேன்.

ஒரு புடவைகூட இல்லை. உன் சான்றிதழ்கள் இருந்த பையும் இல்லை.

மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா இங்க வரலையேப்பா. உங்களோட வெள்ளிக்கிழமை வர்றதாத்தானே சொன்னாங்க?"

பிறகு உன் தங்கையைக் கூப்பிட்டேன்.

"அக்கா இங்கதான் இருக்காங்க மாமா. பேச மாட்டாங்களாம். எழுதினா படிப்பாங்களாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகள் மறுபடி கூப்பிட்டு, "என்னப்பா நடந்துச்சு?" என்றாள். தெரியாது என்றேன்.

தெரியும். போன மாதம் பயணப் பெட்டி வாங்கும் பேச்சில் உன்மேல் கை ஓங்கினேன். அடிக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பயந்து பின்வாங்கிச் சுவரில் மோதிக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் சாப்பிட உட்கார்ந்தேன்.

இதை மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கடிதத்தைத் தபாலில் போடுவேன். வெள்ளிக்கிழமை நான் மட்டும் கிளம்புகிறேன். சாவி எதிர்வீட்டு டெய்லரிடம் இருக்கும். நீ வந்து இங்கே இரு. நீ கூப்பிடாமல் நான் திரும்ப மாட்டேன்.

உன் வீட்டுக்காரன் என்று கையெழுத்துப் போடத் துணிவில்லாத,
நான்.